குன்றின் மேலிட்ட விளக்கும் கயிற்று ரயிலும்

திருவண்ணாமலைக்கு வரும் யாத்திரிகர்களில், அதிலும் முழங்கால் வலியோடு நடக்கும் வயோதிகப் பெற்றோரை உடன் அழைத்து வருகிறவர்களில், பலர் ராஜகோபுரத்துக்கு வெளியே நின்று மலையுச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பழனியில் விஞ்ச் ஓடுகிறதே, இந்த மலைக்கும் அப்படியொன்று போட்டால் என்ன? கார்த்திகைத் தீபம் எரிகிற இடத்தை எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே!" என்பார்கள். கேட்பவர்களின் மனத்தில் பக்தியைத் தவிர வேறொன்றும் இல்லை; ஆகையால் அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடாமல், உயரத்தில் ஏற்றிய விளக்குகளும், அவற்றை நாடிச் செல்ல மனிதர்கள் அமைத்துக்கொண்ட பாதைகளும் பிற இடங்களில் எவ்வாறு இருக்கின்றன என்பதைச் சற்று நிதானமாக விசாரித்துவிட்டு, அதன் பிறகு நம் மலைக்கு வருவதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

மலைமேல் ஒரு விளக்கு, அந்த விளக்கண்டை செல்ல ஒரு ரயில் என்ற இரண்டும் ஒருங்கே வாய்த்த இடம் ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கிறது. கேப் டவுன் நகரத்துக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பத்தின் நுனியில், செங்குத்தான பாறைகளின் மீது நிற்கும் கேப் பாயிண்ட் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலாக ஒளியேற்றியது 1860-ஆம் ஆண்டில். அதே 1860-இல்தான், சென்னைக் கரையிலிருந்து ட்ரூரோ என்னும் கப்பலில் ஏறிய நம்மவர்கள் டர்பனில் இறங்கி நேட்டால் காலனியின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகச் சேர்ந்தார்கள். அவர்களுடைய சந்ததியாரான தமிழர்கள் இன்று அந்நாட்டின் குடிமக்களாக வாழ்கிறார்கள் என்பதனால், அந்த விளக்கு நமக்கு முற்றிலும் அந்நியமானது என்று சொல்லிவிட முடியாது.

அந்தக் குன்றின் மேல் ஒரு காலத்தில் டீசல் பஸ் ஒன்று பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு போய் வந்தது. 1996-இல் அதற்குப் பதிலாகக் கயிற்றால் இழுக்கப்படும் ரயிலை அமைத்தார்கள். பஸ்ஸுக்கு இருந்த பெயரே ரயிலுக்கும் நிலைத்துவிட்டது: பறக்கும் டச்சுக்காரன். கரை சேரும் பாக்கியமின்றி அந்த முனையைச் சுற்றிக் கற்பாந்த காலம் வரையில் அலைந்துகொண்டே இருப்பதாக மாலுமிகள் நம்பிவந்த ஒரு பேய்க்கப்பலின் பெயர் அது. பாதையின் நீளம் 585 மீட்டர், ஏறிச்சேரப் பிடிக்கும் நேரம் 3 நிமிஷம், பெட்டிகள் 2, ஒவ்வொரு பெட்டியிலும் 40 பேர் பிரயாணம் செய்யலாம். மேல் நிலையத்தில் இறங்கிய பிறகும் கலங்கரை விளக்கத்தின் அடிவாரத்துக்குச் சில படிகளைக் காலால்தான் ஏறியாக வேண்டும் என்பதும், கையில் தின்பண்டம் வைத்திருப்பவர்களிடமிருந்து அதைப் பறித்துச் செல்ல அங்குள்ள பபூன் குரங்குகள் காத்திருக்கின்றன என்பதும் போய்வந்தவர்கள் தவறாமல் சொல்லும் விஷயங்கள்.

இவ்வகை ரயிலின் தத்துவம் மிக எளியது. ராட்டினத்தில் ஓடும் ஒரே கயிற்றின் இரு முனைகளிலும் இரண்டு வாளிகளைக் கட்டிய கிணற்றில், நிறைந்த வாளி மேலே வரும்போது வெறும் வாளி கீழே இறங்கி அதற்குத் துணை செய்வதுபோல, இங்கும் ஒரு பெட்டி இறங்கும் பாரத்தால் மற்றொரு பெட்டி ஏறும் பாரம் பெருமளவுக்குச் சமனாகிவிடுகிறது. பெட்டிக்குள் இஞ்சின் கிடையாது. மேல் நிலையத்தில் உள்ள மின்சார மோட்டார், இரண்டு பெட்டிகளுக்கும் உள்ள எடை வித்தியாசத்தையும் உராய்வையும் மட்டும் வென்றால் போதும். தண்டவாளம் ஒன்றே ஆனாலும், சரி பாதி தூரத்தில் அது இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றுசேர்கிறது. இரு பெட்டிகளும் ஒரே வடத்தில் கட்டுண்டவை ஆகையால் அவை சந்திக்கும் இடம் எப்போதும் அந்த நடுவிடமாகவே இருக்கும், வேறிடத்தில் சந்திக்க வழியே இல்லை. வடம் அறுந்தால் என்ன கதி என்று ஏறுகிறவர்கள் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தை முன்பே உணர்ந்த யந்திர சாஸ்திரிகள், வடத்தின் இழுவிசை தளர்ந்த மாத்திரத்தில் தாமாகவே தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும் பிரேக்குகளைப் பெட்டியின் அடியில் பொருத்தியிருக்கிறார்கள். நகரப் போக்குவரத்துக்கென்று இத்தகைய ரயில் முதலில் ஓடியது பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில், 1862-இல். பிறகு மேடும் பள்ளமுமான ஊர்கள் பலவற்றுக்கு அது பரவியது.

ஆனால் கேப் பாயிண்ட்டின் கதையில் ரயிலைவிட விளக்கின் விருத்தாந்தமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எவ்வளவு உயரத்தில் வைக்கிறோமோ அவ்வளவு தூரம் தெரியும் என்ற நியாயமான எண்ணத்தோடு, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 240 மீட்டர் உயரத்தில் அதைக் கட்டினார்கள். கட்டி முடித்த பின்னர்தான், அந்த உயரத்தில் மேகமும் மூடுபனியும் அடிக்கடி படிந்து, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே கப்பல்காரர்களின் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது என்பது புலனாயிற்று. 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லூசித்தானியா என்ற போர்ச்சுகீசியப் பிரயாணிக் கப்பல் அதன் அருகிலேயே பாறையில் மோதி உடைந்தது. அதற்கு மேலும் பொறுத்திருக்க முடியாமல், கடல் மட்டத்துக்கு 87 மீட்டர் உயரத்தில், முனையின் தாழ்வான பாறையொன்றின் மேல் புதிய கலங்கரை விளக்கம் ஒன்றை நிறுவினார்கள். 1919 முதல் கப்பல்களுக்கு வழிகாட்டுவது அந்தத் தாழ்ந்த விளக்குதான். ரயிலேறிச் சென்று மக்கள் பார்த்துவருவது, ஒளி அணைந்த பழைய கோபுரத்தை. அங்கிருந்து தெரியும் கடற்காட்சி மகத்தானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே எரியும் விளக்கு இல்லை.

தமிழர்களுக்குக் கலங்கரை விளக்கம் புதிதன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் நீர்ப்பெயற்றுத் துறைமுகத்தை வருணிக்குமிடத்தில், கூரை வேயாத உயர்ந்த மாடத்தின் உச்சியில், ஏணி சாத்தியும் ஏறுவதற்கு அரிதான அந்த இடத்தில், இரவில் மூட்டிய தீயைக் கண்டு கடலில் ஓடும் கலங்கள் துறை சேர்வதைச் சொல்கிறார். மூட்டிய தீயைப் போலவே, அதை மூட்ட ஏறிச் செல்லும் சிரமத்தையும் அந்தப் புலவர் கவனித்திருக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியத்தையும் ஆனந்தத்தையும் அளிக்கிறது. மாமல்லபுரத்தில் மகிஷமர்த்தினி குகைக்கு மேலே, பாறையின் உச்சியில், பல்லவர் காலத்து ஓலக்கண்ணேசுவரர் ஆலயம் இருக்கிறது. 1887-இல் அந்த ஆலயத்தின் கூரைமீதே விளக்கை வைத்துச் சில காலம் கலங்கரை விளக்கமாகப் பயன்படுத்தினார்கள். பிறகு 1904-இல் பக்கத்திலேயே கருங்கல்லால் ஆன தனிக்கோபுரம் எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மாடத்தில் 1894 முதல் எரிந்த விளக்கு, 1977-இல் மெரினாவின் புதிய கோபுரத்துக்கு மாறியது. அங்கே மேலே செல்ல லிஃப்ட் இருக்கிறது. படியேறும் சிரமம் யாருக்கும் இல்லை. இவையெல்லாம் கடலோரத்துக் காரியங்கள். கடலோரத்தில் விளக்கு ஒரு கருவி. கருவியை எங்கே வைத்தால் பயன் அதிகமோ அங்கே வைப்பதும், அங்கே போக எது சௌகரியமோ அதை அமைப்பதும் நியாயம்தான்.

இனி நம் நாட்டு மலைகளுக்கு வருவோம். நீலகிரியில் கிளென்மார்கனிலிருந்து சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்கும் விஞ்ச், பைக்காரா நீர்மின் திட்டத்தின் ஊழியர்களுக்காக ஏற்பட்டது. பக்தர்களுக்காக ஏற்பட்டது பழனியின் விஞ்ச். மின் இழுவை ரயில் என்பது அதன் முறையான பெயர். ஜனங்கள் வாயில் அது விஞ்ச்தான். 1966-இல் தொடங்கிய அந்தச் சேவைக்குப் பின்னாளில் மேலும் பாதைகள் சேர்ந்தன. 2004-இல் ரோப் காரும் வந்தது. ஏறக்குறைய 700 படிகளைக் கால்நடையாக ஏற இயலாத எத்தனையோ லட்சம் பேருக்கு, கைக்குழந்தையைச் சுமந்த தாய்மார்களுக்கு, பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்களுக்கு, தண்டபாணி தெய்வத்தின் திருமுகத்தைக் காணும் பாக்கியத்தை அந்த விஞ்ச்தான் கொடுத்திருக்கிறது. படிக்கட்டு வடிவில் சரிந்து நிற்கும் பெட்டியில் உட்கார்ந்தபின், தண்டவாளங்களுக்கு நடுவே உருளைகளின் மேல் கிரீஸ் படிந்து கறுத்த வடம் சலசலவென்று ஓடத் தொடங்குகிறது, அதைக் கண்டவுடன் பெட்டியில் இருக்கும் கிழவிகள் "முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் பார்த்தவர்கள், யந்திரமும் பக்தியும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று ஒருநாளும் சொல்லமாட்டார்கள். 2024-இல் சோளிங்கர் யோக நரசிம்மர் மலைக்கும், கரூர் மாவட்டத்து அய்யர்மலைக்கும் ரோப் கார் வந்ததும் அதே கருணையின் விளைவே. அவற்றை நான் மனமார வரவேற்கிறேன்.

பழனிக்கு நியாயமானது அண்ணாமலைக்கு மட்டும் ஏன் கூடாது?

பழனியில் சுவாமி மலைமேல் இருக்கிறார், சோளிங்கரிலும் அப்படியே. மேலே போகாவிட்டால் தரிசனம் இல்லை. திருவண்ணாமலையிலோ அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மையும் வீற்றிருப்பது மலையின் அடிவாரத்தில், ஊரின் மத்தியில், சமதளத்தில். தரிசனத்துக்கு ஒருவரும் மலையேற வேண்டியதில்லை. அது மட்டுமன்று. 2,668 அடி உயரமுள்ள அந்த மலையே சிவலிங்கம் என்பது இந்த ஸ்தலத்தின் ஆதார நம்பிக்கை. மற்ற இடங்களில் மலை என்பது தெய்வம் எழுந்தருளிய பீடம். இங்கே மலைதான் தெய்வம். பிரம்மாவும் விஷ்ணுவும் தம்மில் யார் பெரியவர் என்று வாதிட்டபோது அடியும் முடியும் அறியவொண்ணாத அக்கினித் தம்பமாக ஈசன் நின்றதும், அன்னமாகப் பறந்து மேலே சென்ற பிரம்மாவுக்கு முடி எட்டாமற்போனதும் நம் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த புராணம். சிருஷ்டிகர்த்தாவே சிறகு விரித்து எட்டமுடியாத இடம் என்று புராணம் போற்றும் சிகரத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு சில நிமிஷங்களில் போய்ச் சேர்ந்தால், சேர்ந்த இடத்தில் ஒரு பாறை இருக்கும். அந்தப் புராணம் இருக்காது.

கோயிலின் நடைமுறையே இதற்குச் சாட்சி. கார்த்திகைத் தீபத் திருவிழா முடிந்த பிறகு, தெய்வத் திருமேனியாகிய மலையின் மீது மனிதர்களின் கால் பட்டதற்காகப் பிராயச்சித்த பூஜை செய்து, புனித நீரை மேலே கொண்டுபோய்த் தெளிக்கும் வழக்கம் இன்றும் தவறாமல் நடந்துவருகிறது. தீபம் ஏற்றுவதற்கென்று ஏறியதற்கே பரிகாரம் தேடும் ஒரு ஸ்தலத்தில், வேடிக்கை பார்ப்பதற்கென்று ஏறுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆண்டுக்கு இரண்டு முறை, கார்த்திகைத் தீபத்துக்குப் பிறகு ஒருமுறையும், தை மாதத்துத் திருவூடலை ஒட்டி ஒருமுறையும், உற்சவமூர்த்தியாகிய அண்ணாமலையாரே புறப்பட்டு மலையை வலம்வருகிறார். சுவாமியும் சுற்றித்தான் வருகிறார், மேலே ஏறுவதில்லை. 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி இந்த ஊருக்கு வந்து, 1950-இல் மகாசமாதி அடையும் வரையில் இதைவிட்டு அகலாத ரமண மகரிஷி, மலைமீதுள்ள விருபாக்ஷ குகையிலும் அதற்குச் சற்று மேலே கந்தாசிரமத்திலும் பல ஆண்டுகள் வசித்தவர். அவரும் தம்மை நாடிவந்தவர்களுக்கு விசேஷமாக எடுத்துச் சொன்னது கிரிவலத்தின் மகிமையை.

தீபத்தை அருகிலிருந்து பார்த்தால்தான் திருப்தி என்று நினைப்பவர்களுக்காக, அது எப்படி ஏற்றப்படுகிறது என்பதையும் சொல்லவேண்டும். திருவிழாவின் பத்தாம் நாள் விடியற்காலை 4 மணிக்கு மூலஸ்தானத்தில் பரணி தீபம் ஏற்றுவார்கள். அதற்கு முன்பே, ஆள் உயரமுள்ள செம்புக் கொப்பரை அர்த்தநாரீசுவரர் உருவம் தீட்டப்பெற்று, பூஜை முடிந்து, மலையுச்சியை நோக்கிப் புறப்பட்டிருக்கும். அதைத் தோளில் சுமந்து, கரடுமுரடான பாறைப் பாதையில் மூச்சு வாங்க ஏற்றிச்செல்பவர்கள் பர்வதராஜ குலத்தார். உள்நாட்டு நீர்நிலைகளில் மீன்பிடித்தலை மரபுத் தொழிலாகக் கொண்ட இந்த மக்களுக்குத்தான், மலையுச்சியில் மகாதீபம் ஏற்றும் உரிமை பரம்பரை பரம்பரையாக இருந்துவருகிறது. ஏறக்குறைய 3,500 கிலோ நெய், திரிக்கென்று 1,000 மீட்டர் காடாத் துணி, கற்பூரம் என்று அத்தனையும் மனிதத் தோள்களில்தான் மேலே போகின்றன. சில ஆண்டுகளில் இந்த அளவு இன்னும் கூடுவதுண்டு.

மாலையில் பஞ்சமூர்த்திகள் தீபதரிசன மண்டபத்தில் எழுந்தருள்வார்கள். கோயிலின் விசாலமான பிராகாரங்களிலும், மாடவீதிகளிலும், வீட்டு மொட்டைமாடிகளிலும், ஊருக்கு வெளியே வயல்வரப்புகளிலும் நிற்கும் ஜனங்களின் பார்வை முழுவதும் இருள் படரும் சிகரத்தின் மீதே இருக்கும். 6 மணிக்குச் சற்றுமுன், ஆண்டுக்கு ஒரேயொரு முறை மாத்திரம், அர்த்தநாரீசுவரர் வெளியே வந்து இரண்டொரு நிமிஷம் ஆனந்த நடனமாடித் திரும்புகிறார். அந்த க்ஷணத்தில் கொடிமரத்தின் முன் அகண்ட தீபம் ஏறுகிறது. அதைத் தொடர்ந்து மலையுச்சியில் நெருப்பு எழுகிறது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்ற முழக்கம் ஆயிரம் திசைகளிலிருந்து ஒரே குரலாகக் கிளம்புகிறது, அதுவரையில் விளக்கேற்றாமல் காத்திருந்த வீடுகளின் வாயில்களில் அகல்விளக்குகள் வரிசை வரிசையாகச் சுடர்விடத் தொடங்குகின்றன.

இந்தக் காட்சி அமைந்திருக்கும் விதத்தைக் கவனிக்கவேண்டும். உச்சியில் நிற்பவனுக்கு அது ஒரு கொப்பரையில் எரியும் நெய். அனலும் புகையும் அவன் முகத்தில் அடிக்கும். கோயில், அர்த்தநாரீசுவரரின் நடனம், அகண்ட தீபம், ஊர் முழுவதும் பரவும் அகல்விளக்குகள் எதுவும் அவன் அருகில் இல்லை. கீழே நிற்பவனுக்குத்தான் கோயிலும், மலையும், சோதியும் ஒரே தரிசனமாகக் கிடைக்கின்றன. குன்றில் ஏற்றிய கார்த்திகை விளக்கைச் சீவகசிந்தாமணி உவமையாக எடுத்தாள்வதும், அகநானூற்றிலேயே கார்த்திகை விளக்கு விழா பேசப்படுவதும், இவ்விளக்கைத் தூரத்திலிருந்து கண்டு மகிழ்ந்த சமுதாயம் எவ்வளவு பழமையானது என்பதைக் காட்டுகின்றன.

கார்த்திகை, வடகிழக்குப் பருவமழையின் காலம். கேப் பாயிண்ட்டைப் போலவே இங்கும் உச்சியை மேகம் மூடிக்கொள்வதுண்டு. அங்கே விளக்கு மறைந்ததால் கப்பல் உடைந்தது, விளக்கையே கீழே இறக்கினார்கள். இங்கே மேகம் மறைத்தால் ஜனங்கள் கைகூப்பியபடி நிற்கிறார்கள். மேகம் விலகும்போது தெரிகிற செந்நிறப் பிரகாசம் காத்திருந்தவர்களின் கண்களில் நீரை வரவழைக்கிறது. மேலும் இத்தீபம் ஒருநாளோடு அணைவதில்லை. 11 நாட்கள், நெய்யும் திரியும் புதுப்பிக்கப்பட்டு, இரவுதோறும் எரிகிறது. பிறகு கொப்பரையைக் கீழே கொண்டுவந்து, அதில் படிந்த கரியைத் திரட்டி, வாசனைத் திரவியங்கள் சேர்த்து மையாக்கி, மார்கழித் திருவாதிரையில் நடராஜப் பெருமானுக்குச் சாத்திய பின் பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். சுண்டுவிரல் நுனியில் எடுத்துப் புருவத்தின் நடுவே இட்டுக்கொள்ளும் அந்தச் சிறு கறுப்புப் பொட்டில் நெய்யின் மணம் இன்னும் லேசாக இருக்கும். மலையேற முடியாதவர்களின் நெற்றிக்கு மலையுச்சியே இறங்கிவரும் ஏற்பாடு இது. இதைவிடச் சிறந்த வாகனம் ஒன்றை எந்த யந்திர சாஸ்திரி செய்து தரப்போகிறார்?

ரயில் போட்டால் மலைமேல் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கவேண்டிய அவசியமும் இல்லை. அதற்கு உதாரணம் கடல்கடந்து, தமிழர் வாழும் இடத்திலேயே இருக்கிறது. மலேசியாவில் பினாங்குத் தீவின் நடுவே நிற்கும் கொடிமலை, 833 மீட்டர் உயரம். நம் அண்ணாமலைக்குச் சற்றே அதிகம். 1923-இல் அதற்குக் கயிற்று ரயில் வந்தது. பாதை ஏறக்குறைய 2 கிலோமீட்டர். உச்சியில் அருளொளித் திருமுருகன் ஆலயம் ஒன்று உண்டு, மசூதியும் உண்டு. அவற்றோடு ஓட்டல், உணவுக்கடைகள், வேடிக்கை மண்டபங்கள் என்று ஒரு சிற்றூரே அங்கே அமைந்துவிட்டது. வெயிலுக்கு அஞ்சிய வெள்ளைக்காரர்கள் குளிர்ச்சியை நாடி ஏற்படுத்திய வாசஸ்தலம் அது. அதற்கு ரயில் பொருத்தமானதே. அந்த ரயிலை நான் குறைகூறவில்லை. அதே தீவில், தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு மட்டும் பக்தர்கள் தைப்பூசத்தன்று காவடி சுமந்து 500-க்கு மேற்பட்ட படிகளைக் காலால் ஏறுகிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். ரயில் சென்ற மலையுச்சி எதுவும் வெறும் பாறையாக நின்றதில்லை. இறங்கியவர்களுக்கு நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், கழிப்பிடம் வேண்டும், பிறகு காப்பியும் வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமான தேவையே. ஆனால் அண்ணாமலையார் பாதம் பொறித்த, நெய் வழிந்து கறுத்த அந்தப் பாறையின் மீது இத்தனையையும் நிறுத்த இடமும் இல்லை, மனமும் இல்லை.

இவையனைத்தையும்விடக் கடுமையான காரணம் ஒன்று அண்மையில் நம் கண்முன் நடந்தது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலையின் அடிவாரச் சரிவு பெயர்ந்து, வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் பாறையும் மண்ணும் விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு உயிர்கள் மாண்டன. அடுத்த சில நாட்களில் வந்த கார்த்திகைத் தீபத்தன்று, கொப்பரையும் நெய்யும் கொண்டுசெல்ல வேண்டியவர்களைத் தவிர வேறு பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் குறிப்பிட்ட தொகையினருக்கு மாத்திரம் அனுமதிச் சீட்டு வழங்கிவந்தார்கள். மழையில் ஊறிய மண்ணும் அதில் பதிந்து நிற்கும் உருண்டைப் பாறைகளும் எத்தனை உறுதியற்றவை என்பதை அந்தச் சம்பவம் காட்டிவிட்டது. கயிற்று ரயிலுக்கு மலையின் அடியிலிருந்து முடி வரையில் நேர்கோடாகப் பாறையை வெட்டி, தூண்களுக்குக் குழி தோண்டி, மரங்களை அகற்றியாக வேண்டும். கோடையில் காய்ந்த எலுமிச்சைப்புல்லில் தீப்பிடித்து மொட்டையாகிப்போன சரிவுகளில், பல ஆண்டுகளாகத் தன்னலமற்ற மனிதர்கள் கன்று நட்டு, தண்ணீர் சுமந்து ஊற்றி, தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி வளர்த்த காடு இன்று மெல்லத் தலையெடுத்து வருகிறது. அதை அறுத்துக்கொண்டு தண்டவாளம் ஏறுவதைக் காண எனக்குச் சம்மதமில்லை.

முதியவர்களின் கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டுவிடலாகாது. நடக்க முடிந்தவர்களுக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இருக்கிறது. இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரையில் எட்டுத் திக்கு லிங்கங்களும், ஆதி அண்ணாமலை ஆலயமும் அதன் வழியில் இருக்கின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் மலை வேறொரு வடிவம் காட்டுகிறது. உச்சியில் நிற்பவனுக்கு இந்த வடிவங்களில் ஒன்றுகூடக் கிடைக்காது. நடக்க முடியாதவர்களுக்கு அந்தப் பாதை முழுவதும் வண்டியில் போகத்தக்க சமதளச் சாலை. தீபத்துக்கு நெய் செலுத்த விரும்புகிறவர்கள் கோயிலிலேயே காணிக்கை கட்டலாம். அவர்கள் கொடுத்த நெய் அவர்களுக்காக மேலே போகும்.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. வயதான தாய் தந்தையரைத் தீபதரிசனத்துக்கு அழைத்துவர நினைப்பவர்கள், லட்சக்கணக்கில் ஜனங்கள் திரளும் முதல் நாளில் அவர்களை நெரிசலில் நிறுத்த வேண்டாம். அடுத்து வரும் பத்து இரவுகளிலும் அதே தீபம்தான் எரிகிறது. அந்நாட்களில் ஒன்றைத் தேர்ந்து, அந்தி சாய்வதற்கு முன் வந்து, கோயிலில் தரிசனம் முடித்து, கிரிவலப் பாதையில் மலை நன்றாகத் தெரியும் ஓரிடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அவர்களை உட்காரவையுங்கள். மலையேற அனுமதியில்லாத நாட்களில் குறுக்குவழி தேடி ஏறாதீர்கள். சரிவில் கற்பூரமோ அகலோ ஏற்றாதீர்கள். பிளாஸ்டிக் பைகளையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் பாதையோரத்தில் விட்டுச் செல்லாதீர்கள்.